ஏழாம் கதவில் சிவப்பு வட்டம்

அத்தியாயம் ஆறு

கொளஞ்சியம்மாள் கோப்பைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒவ்வொன்றிலும் இருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அழித்து, கழுவிக் கவிழ்த்தாள்.

அவள் வேலை பார்க்கும் செராமிக் யூனிட்டில் சிவப்புக் குறி விழுந்தால் அந்தச் சாமான் உடைபடப் போகிறது என்று அர்த்தம். உடைப்பதற்கு முன் மேஸ்திரியிடம் கேட்டு நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் காலை டீ இப்படி உயிர் தப்பிய கோப்பைகளில்தான்.

"பூர்ணி, டீ ஆறுது. உள்ள யாருகூடடி குசுகுசுன்னு?"

"யாருகூடயும் இல்லம்மா. டூட்டி இன்னும் ஆரம்பிக்கல."

"கதவச் சாத்திக்கினு பேசறது ஒரு டூட்டியா? எதுத்த வூட்டு ஆராயி கேக்கறா, ஒம் பொண்ணு யாரையாவது லவ் பண்ணுதான்னு. எனக்கே தெர்ல, தெரிஞ்சா சொல்லி அனுப்பறேன்னுட்டேன்."

பூர்ணிமா வெளியே வந்து டீயை எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதமாக இதே கேலிதான். என்ன வேலை என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாள். யாரோடு பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்பதை மட்டும் சொல்லக் கூடாது.

கடலோர ஊர் ஒன்றின் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு தனி அறைகள் இருந்தன. வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தவர்களை அங்கே வைத்திருந்தார்கள். உறவினர் யாரும் உள்ளே போக முடியாது. ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு டேப்லெட் நின்றது. அதன் வழியே, விருத்தாசலத்தில் உட்கார்ந்தபடி பூர்ணிமா அவர்களோடு பேசுவாள். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு மனநல ஆலோசனையில் டிப்ளமோ படித்தவள். நாலு பேர் எதிரில் வாய் திறக்க வராது. ஹெட்போனை மாட்டினால் மட்டும் எப்படியோ பேச்சு வந்துவிடும். நோயாளியின் பெயரைக்கூட அவளுக்குத் தருவதில்லை, அறை எண் மட்டும்தான். பெயரை அவர்களாகச் சொன்னால் உண்டு.

ஏழாம் எண் சொல்லவில்லை. பன்னிரண்டு நாளாக எதுவுமே சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயது, மனைவி இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தாளில் இவ்வளவுதான் இருந்தது. டேப்லெட்டை அவர் மேலே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டதால், அவள் இதுவரை பார்த்தது ஒரு மின்விசிறியை மட்டும்தான்.

"ம்மா, பேசாத ஆளப் பேச வைக்கணும்னா என்னா பண்றது?"

"என்னையா கேக்கற? நானே ஒம்போது வருசமா ஒருத்தன்கிட்ட பேசாதவ. என்ன யாரு பேச வெச்சாங்க?"

பூர்ணிமா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா நல்லமுத்து இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடித் துணியைக் கொண்டுவந்து போட வேண்டியவர் அம்மாவின் ஒரே அண்ணன். அவர் வரவில்லை. ஊரும் உறவும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் கடைக்கு ஓடிப்போய் ஒரு துணி வாங்கி வந்தார். அன்றிலிருந்து அம்மா அண்ணன் பெயரைச் சொன்னதில்லை. அவரும் திட்டக்குடியிலிருந்து இந்தப் பக்கம் வந்ததில்லை.

போன் அதிர்ந்தது. வார்டு நர்ஸ் அன்பரசி அனுப்பிய செய்தி.

'அக்கா, ஏழாம் நம்பர் கிளம்பறாராம். நாலு மணிக்கு டூட்டி டாக்டர் வந்ததும் கையெழுத்துப் போட்டுட்டுப் போறாராம். செருப்பக் கேட்டுத் தொந்தரவு. சீக்கிரம் பேசுங்க.'

பாதி டீயோடு பூர்ணிமா கதவைச் சாத்தினாள். இந்த மருந்தையும் நடுவில் நிறுத்தினால் அடுத்து கொடுக்க அதிகம் மருந்தில்லை. அவருக்கு அதைப் பல பேர் சொல்லிவிட்டார்கள். அவள் வேறு எதையாவது சொல்ல வேண்டும். என்ன என்றுதான் தெரியவில்லை.

* * *

திரையில் அதே மின்விசிறி.

"ஐயா, வணக்கம். நேத்து ராத்திரி தூங்கினீங்களா?"

பூர்ணிமா மூச்சுப் பயிற்சியை ஆரம்பித்தாள்.

"மூச்ச மெதுவா உள்ள இழுத்து, நாலு வரைக்கும் எண்ணி..."

"மூச்ச இழுத்தா எனக்கு இருமல்தான் வரும்." கரகரத்த, உடைந்த குரல். "எண்ணறதுக்கு நீ எதுக்கு? எனக்கே எண்ணத் தெரியும். செருப்பு எங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

பன்னிரண்டு நாளில் அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு. பூர்ணிமா புத்தகத்தில் படித்த எல்லாம் அந்த ஒரு பேச்சில் போய்விட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எவர்சில்வர் டம்ளரை நகத்தால் தட்டும் சத்தம். டக் டக்... டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக் டக்... டக்.

"ஐயா, என்னா பண்றீங்க?"

"சத்தம் பாக்கறேன்."

பூர்ணிமா நிமிர்ந்தாள். சத்தம் கேட்பதாக எல்லோரும் சொல்வார்கள். சத்தம் பார்ப்பதாகச் சொல்பவர்கள் செராமிக் யூனிட்டில் தரம் பிரிக்கும் சார்ட்டிங் மேசையில் உட்கார்ந்தவர்கள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானையும் தட்டி, கணீரென்றால் இந்தப் பக்கம், டொக்கென்றால் சிவப்புக் குறி போட்டு அந்தப் பக்கம். அம்மா இருபது வருடமாகச் செய்வது.

"செராமிக்ல வேலை செஞ்சீங்களா?"

மின்விசிறி சுற்றியது.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"எங்கம்மாவும் சார்ட்டிங்தான்."

"அப்ப ஒனக்குப் புரியும்." திடீரென்று அவர் பேச ஆரம்பித்தார், இருமலுக்கு நடுவே, அவசரமாக. "வந்த அன்னிக்கே அந்த டாக்டரு முதுகுல வெரல வெச்சுத் தட்டனாரு. மேல தட்டனாரு, நல்லாத்தான் இருந்துச்சு. கீழ தட்டனாரு, டொக்குன்னுது. எனக்கே கேட்டுச்சு. முப்பது வருசம் சத்தம் பாத்தவன்மா நானு, எனக்குத் தெரியாதா? அவரு ஒண்ணும் பேசல. வெளிய போயி கதவுல செவப்பு வட்டத்த ஒட்டிட்டுப் போயிட்டாரு. தட்டிப் பாத்து, செவப்பும் போட்டாச்சு. அப்பறம் எதுக்கு மாத்திர? ஒடைக்கற சாமானுக்கு எதுக்கு இம்மாஞ் செலவு?"

பன்னிரண்டு நாளும் இந்த மனிதர் தன்னைத் தானே கழித்து ஓரமாக வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அவரிடம் எவ்வளவோ பேர் நோயைப் பற்றிப் பேசினார்கள். கதவைப் பற்றி யாரும் பேசவில்லை.

"ஐயா, அந்த வட்டம் அதுக்கில்ல..."

"சமாதானம் சொல்லாத. இது எனக்கு ரெண்டாம் தடவ. மொத தடவ யாருக்கும் தெரியாமத்தான் கெடந்தேன். தங்கச்சி புருசன் செத்தப்ப ஆஸ்பத்திரியிலேருந்து நேரா கடைக்குப் போயி கோடி எடுத்தேன். விருத்தாசலம் பஸ்ஸ்டாண்டுல எறங்கி, அவ தெரு முனை வரைக்கும் நடந்தேன். பைப்படிகிட்ட ஒரு இருமலு. கைக்குட்டையில ரத்தம். வூடு நெறைய சனம், சின்னப் புள்ளைங்க. எப்படிப் போறது? திரும்பிட்டேன்."

"அப்பறம் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னான்னு சொல்ல? தாய்மாமனுக்கு டி.பி.ன்னா அவ பொண்ண யாரு கட்டுவான்? நல்லமுத்து வேற போயிட்டான். அவளே தனியா நிக்கறா. நாலு மாசம் மாத்திர தின்னேன், இருமல் நின்னுச்சு, வுட்டுட்டேன். துணி மட்டும் இன்னும் பொட்டியில கெடக்குது."

பூர்ணிமா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நல்லமுத்து. பைப்படி. அந்தப் பைப்படி அவள் ஜன்னலிலிருந்து தெரியும்.

"ஐயா," என்றாள். "மறுபடி கூப்பிடறேன். நான் கூப்பிடற வரைக்கும் எங்கியும் போவக் கூடாது."

"மாத்திர போட்டிருக்கேன், தூக்கம் வருது. நாலு மணிக்குத்தான் போவேன்."

* * *

"மேடம், ஏழாம் நம்பர் எங்க மாமா. அம்மாவோட கூடப்பொறந்த அண்ணன்."

திட்டத்தின் பொறுப்பாளர் ஆதிலட்சுமி போனில் கேட்டார். "எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பத்தான்."

"சொந்தக்காரங்கன்னா வேற ஆளுக்கு மாத்தணும். விதி தெரியும்ல?"

"தெரியும் மேடம். யாரு இருக்காங்க?"

"தமிழ்செல்வன். அவரும் நாலரைக்குத்தான் வருவாரு."

"மாமா நாலு மணிக்குப் போயிடுவாரு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி. அவர் எழுந்ததும் பேசு. முதல் வார்த்தையே நீ யாருங்கறதா இருக்கணும். வேண்டாம்னு சொன்னார்னா அந்த நிமிஷமே கட் பண்ணிடு, நான் பேசிக்கறேன். சம்மதிச்சார்னா நாலரை வரைக்கும். நானும் லைன்ல இருப்பேன். உங்க அம்மாகிட்ட..."

"அவர் சொல்லச் சொன்னாத்தான் மேடம்."

அதைச் சொல்வது எளிதாக இருந்தது. மதியம் தட்டின் முன் உட்கார்ந்தபோதுதான் அதன் எடை தெரிந்தது. அம்மா முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மூஞ்சி ஏன் விரிசல் வுட்ட சட்டி மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்குத்தான் குழம்புல தண்ணிய ஊத்திப் பெசையறியா?"

பூர்ணிமா குனிந்து பார்த்தாள். உண்மைதான்.

'அவர் பைப்படி வரைக்கும் வந்தார்மா.' நாலே வார்த்தை. ஒன்பது வருடத்துக் கல் உருண்டு போய்விடும். ஆனால் அது அவள் வார்த்தையல்ல. யாருமில்லாத அறையில், யாரென்று தெரியாத ஒருத்தியை நம்பி ஒருவர் சொன்னது. அவள் சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

சாப்பிட்ட கையோடு அன்பரசியைக் கூப்பிட்டு இரண்டு கேள்விகள் கேட்டாள். பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

* * *

மூன்றேகால் மணி.

"ஐயா, நான் யாருன்னு மொதல்ல சொல்லணும். கேட்டுட்டு, பேச வேணாம்னா சொல்லுங்க, வெச்சுடறேன். எம் பேரு பூர்ணிமா. நல்லமுத்து பொண்ணு. கொளஞ்சி மவ."

மின்விசிறி ஒரு குலுங்கு குலுங்கியது. திரை இருண்டது. டேப்லெட்டைக் கவிழ்த்துவிட்டார்.

கட் ஆகவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பூர்ணிமா காத்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இருட்டுக்குள்ளிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மாமா. நீங்க சொல்லாம சொல்ல மாட்டேன்."

"பக்கத்துலதான இருக்கா?"

"கூடத்துல இருக்குது. சீரியல் பாக்குது."

பூர்ணிமா கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"வேற ஆளு வேணும்னா நாலரைக்கு ஒருத்தர் வராரு மாமா. நல்லாப் பேசுவாரு. அது வரைக்கும் நான் பேசட்டுமா?"

"பேசு. செருப்பு வர வரைக்கும்."

அனுமதி கிடைத்துவிட்டது. பூர்ணிமா தாளைப் பார்த்தாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"பச்ச சாமானத் தட்டிப் பாத்துருக்கீங்களா மாமா? சூளைக்கே போவாதது?"

"அத ஏன் தட்டணும்? டொக்குன்னுதான் வரும்."

"ஏன் டொக்குன்னு வருது?"

"ஈரம் இருக்கும்ல உள்ள. இதுகூடத் தெரியாம கொளஞ்சிக்குப் பொறந்தியா?"

"அதுக்குச் செவப்பு போடுவீங்களா?"

"பச்சைக்கு யாராவது செவப்பு போடுவானா? காயணும், வேவணும், ஆறணும். அதுக்கப்பறந்தான் சத்தமே பாக்கணும்."

"ஒங்க நுரையீரலச் சுத்தி நீர் கோத்துருந்துச்சு. டாக்டரு தட்டனப்ப டொக்குன்னது அந்த ஈரந்தான். முந்தாநேத்து ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தாங்கல்ல, அது என்னான்னு நெனச்சீங்க?"

இருமல் நின்றிருந்தது.

"நீங்க கொணமாயிடுவீங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் மாமா. எனக்குத் தெரியாது. டாக்டருமே வைத்தியம் முடிஞ்சுதான் சொல்ல முடியும்ங்கறாரு. இன்னும் வேவாத சாமான நீங்களே தூக்கி ஒடைக்கப் பாக்கறீங்க. முப்பது வருசம் சத்தம் பாத்தவரு இந்தத் தப்பப் பண்ணலாமா?"

"அப்ப கதவுல வட்டம்?"

அறைக்குள் வந்த அன்பரசி கவிழ்ந்திருந்த டேப்லெட்டை நிமிர்த்தினாள்.

"அன்பரசி சிஸ்டர், அந்த டேப்லெட்ட எடுத்துக்கிட்டு வராந்தால ஒரு நடை நடங்க. மாமா கதவுக் கண்ணாடி வழியா பாக்கட்டும், நானும் பாக்கறேன்."

முகக்கவசத்துக்குள் அன்பரசி சிரித்தது கண்ணில் தெரிந்தது. திரை ஆடியபடி வெளியே வந்தது. ஏழாம் கதவில் சிவப்பு வட்டம். எட்டில் சிவப்பு வட்டம். ஒன்பதில், பத்தில், கடைசிக் கதவு வரைக்கும். மறுபக்கம் ஒன்று முதல் ஆறு வரைக்கும். பரிசோதனைக்கு எடுத்த சளியை வைக்கும் பெட்டியின் மூடியில்கூட ஒன்று.

"இது உள்ள வரவங்களுக்கு, தாத்தா," என்று அன்பரசி கண்ணாடிக்கு வெளியே நின்று உரக்கச் சொன்னாள். "மாஸ்க் போடாம வராதன்னு எங்களுக்குப் போட்டது. ஒங்களுக்கில்ல. நீங்க வரதுக்கு முன்னாடியே ஒட்டியிருந்துச்சு. அன்னிக்குப் பிஞ்சு தொங்குச்சுன்னு டாக்டரு மாத்தி ஒட்டனாரு, அவ்ளோதான்."

"பன்னெண்டுக்கும் போட்டிருக்குதா?" என்று கண்ணாடிக்கு உள்ளிருந்து கேட்டார்.

"பன்னெண்டுக்கும்."

"பன்னெண்டு சாமான்ல பன்னெண்டும் கழிவுன்னா," அவர் குரலில் முதன்முறையாக ஏதோ ஒன்று அசைந்தது, "சார்ட்டிங் பண்றவன்தான் சரியில்ல."

பூர்ணிமா சிரித்துவிட்டாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்பரசி உள்ளே வந்து டேப்லெட்டைத் தாங்கியில் வைத்தாள். இந்த முறை அதை யாரும் மேலே திருப்பவில்லை. கன்னம் ஒட்டிய ஒரு முகம், நெற்றி வரை போர்வை. அம்மாவின் மூக்கு.

நாலு மணி. டூட்டி டாக்டர் படிவத்தோடு வந்து நின்றார். மாமா பழமலைநாதன் படிவத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு அன்பரசியிடம் சொன்னார்.

"அந்தச் செருப்ப உள்ள எடுத்து வையி. இப்ப வேணாம்."

* * *

"அவகிட்ட சொல்லு," என்றார் டாக்டர் போன பிறகு. "எல்லாத்தையும் சொல்லு. பேச மாட்டா. எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டான்னா போதும்."

நாலரைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பூர்ணிமா மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கதவைத் திறந்து கூடத்துக்குப் போனாள். டி.வி.யை நிறுத்தினாள்.

சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி, பைப்படி, கைக்குட்டை, பெட்டியில் கிடக்கும் துணி. கொளஞ்சியம்மாள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பூர்ணிமா பின்னால் போவதற்குள், காலையில் கழுவிக் கவிழ்த்த கோப்பை ஒன்றும் ஒரு ஸ்பூனுமாக வெளியே வந்தாள். நேராக அறைக்குள் போய்த் திரை முன் உட்கார்ந்தாள்.

பூர்ணிமா ஹெட்போனைக் கழற்றி ஒலியைக் கூட்டினாள்.

அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்டார்கள். கொளஞ்சியம்மாள் கோப்பையைக் காதருகே தூக்கி ஸ்பூனால் தட்டினாள். வயிற்றில் இரண்டு, விளிம்பில் ஒன்று. கணீர் என்றது.

அங்கே ஒரு கை போர்வையிலிருந்து வெளியே வந்து டம்ளரைத் தேடியது. டக் டக்... டக்.

ஒரே கைப்பழக்கம். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, சூளை இரைச்சலில் பேச்சு கேட்காத வருடங்களில் அவர்கள் பழகியது. 'இருக்கறியா?' என்று ஒருத்தி தட்டினால், 'இருக்கறேன்' என்று மற்றவர் தட்டுவார். அம்மா இதைச் சொன்னதே இல்லை. பூர்ணிமா இப்போதுதான் பார்க்கிறாள்.

"அந்தக் கோடி வெள்ளையா, கலரான்னு கேளு," என்றாள் கொளஞ்சியம்மாள் மகளிடம், திரையைப் பார்த்தபடியே.

அவருக்குக் கேட்டுவிட்டது. தாலி இழந்த தங்கைக்கு அண்ணன் எடுத்த துணியின் நிறம் என்ன என்பது, அவளை அவர் எப்படி வாழச் சொன்னார் என்பது. மூன்று பேருக்கும் அது தெரியும்.

"நேர்ல கொண்டாந்து குடுக்கறேன், அப்பப் பாத்துக்கச் சொல்லு பூர்ணி. வைத்தியம் முடிய ஆறு மாசம் ஆவுமாம். ஆவட்டும். இருந்து முடிச்சிட்டுத்தான் வருவேன்."

"ஆறு மாசமா!"

கொளஞ்சியம்மாள் கோப்பையை மேசைமேல் வைத்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ம்மா, உள்ள வுட மாட்டாங்க. கண்ணாடிக்கு வெளியதான் நிக்கணும். அதுவும் பெரிய டாக்டரு சம்மதிச்சாத்தான்..."

"வெளிய நின்னா தட்டற சத்தம் கேக்காதா?" அவள் வாசற்படியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். "ஏண்டி, எஞ் செருப்பு எங்க?"